திரும்பும் வழி

பழைய புல்லட்டில் இண்டிகேட்டர் எரியவில்லை என்றால் முதலில் மாற்றப்படுவது பிளாஷர். கைக்கு அடக்கமான டப்பா, விலையும் குறைவு, ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுவதும் அதுதான். சத்தம் நின்றதும் பழி அதன்மேல் விழுகிறது. புது பிளாஷர் போட்டும் விளக்கு கண் திறக்காவிட்டால் அடுத்து பல்பு, பிறகு சுவிட்ச், கடைசியில் ஒயரிங் செட் முழுவதும். இத்தனை செலவுக்குப் பிறகும் கோளாறு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். மாற்றிப் போடக்கூடிய பொருள் எதிலும் அது பெரும்பாலும் இருப்பதில்லை. இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. அதிலும் குறிப்பாக, மின்சாரம் விளக்கை எரித்துவிட்டு பேட்டரிக்குத் திரும்பும் வழியில்.

புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த வண்டி. அதைச் செய்த நிறுவனம் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபின் அதன் தயாரிப்பு சென்னைக்கு வந்தது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூர் ஆலை அதே வண்டியைப் பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் செய்துகொண்டிருந்தது. அந்த வண்டியின் உருவம் தீர்மானிக்கப்பட்ட நாளில் இண்டிகேட்டர் என்ற பேச்சே இல்லை. ஓட்டுபவரின் கைதான் இண்டிகேட்டர். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலப்பக்கம் திரும்ப வலக்கையை நீட்ட வேண்டும்; ஆக்ஸிலரேட்டரும் முன் பிரேக்கும் அதே கையில்தான் இருக்கின்றன. எதிரே லாரி வரும்போது அந்தக் கையை விட்டு நீட்டியவர்களுக்குத்தான் இண்டிகேட்டர் விளக்கின் அருமை தெரியும். அந்த விளக்குகள் நான்கும் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டவை. கட்டி முடித்த வீட்டின் மொட்டைமாடியில் ஓர் அறை எழுப்பி, கீழிருந்தே தண்ணீரும் மின்சாரமும் இழுத்துக்கொண்டதைப் போன்ற ஏற்பாடு அது. அறை நன்றாகத்தான் இருக்கும். இணைப்பு கொடுத்த இடங்கள்தான் கசியும்.

மின்சாரம் போகும் வழி நீண்டதல்ல. பேட்டரியில் கிளம்பி ஃபியூஸ், அம்மீட்டர், சாவி ஆகியவற்றைக் கடந்து பிளாஷரின் ‘பி’ முனைக்கு வருகிறது. ‘எல்’ முனையில் வெளியேறி ஹேண்டில்பாரின் சுவிட்சுக்குப் போகிறது. அங்கே இடம், வலம் என்று பிரிந்து, எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கத்தின் முன், பின் பல்புகளுக்குள் நுழைகிறது. ஒயரிங் படத்தில் இதுவரை எல்லாவற்றுக்கும் கோடு உண்டு. பல்புக்கு அப்பால் மட்டும் கோடு சட்டென்று நின்று, மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே போகும் மூன்று சின்னக் கோடுகளில் முடிகிறது. அதுதான் எர்த். படம் பார்ப்பவர் வழி அங்கே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் பாதி வழிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி பல்பின் பித்தளை உறை, ஹோல்டர், இண்டிகேட்டர் தண்டு, அதன் நட்டு, மட்கார்டு, மட்கார்டைத் தாங்கும் போல்ட், பிரேம், பேட்டரியின் எர்த் ஒயர் என்று வண்டியின் உடம்பு வழியாகவே போகிறது. ஒயராக இருந்தால் ஒன்று. உடம்பு என்றால் பத்து மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் பெயிண்ட், துரு, கிரீஸ், களிம்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இடையில் இருக்கும்.

பிளாஷரின் உள்விவகாரம் தெரிந்தால் அதன்மேல் பழி போடுவது குறையும். பழைய வகையில் உள்ளே ஓர் உலோகப் பட்டை. மின்சாரம் பாயப் பாய அது சூடாகி வளைகிறது. வளைந்ததும் தொடர்பு விட்டு விளக்கு அணைகிறது. ஆறியதும் பழைய நிலைக்கு வந்து மறுபடி தொடுகிறது. கடிகாரம் எதுவும் அதற்குள் இல்லை. தன் வழியே போகும் மின்சாரத்தின் சூட்டை மட்டுமே அது அறியும். 12 வோல்ட் வண்டியில் 10 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் ஏறக்குறைய 1.7 ஆம்பியர் போக வேண்டும். அந்த அளவுக்குத்தான் பட்டை செய்யப்பட்டிருக்கிறது. ஒரு பல்பு போய்விட்டால் பாதிதான் போகும். பட்டை போதிய சூடு ஏறாமல் தயங்கித் தயங்கி வளையும், அல்லது வளையவே வளையாது. அதனால்தான் பழைய வண்டியில் ஒரு பல்பு அணைந்தால் மற்றது துடிக்காமல் எரிந்துகொண்டே நிற்கிறது. பின்னாள் எலக்ட்ரானிக் பிளாஷர்கள் பலவற்றில் இதற்கு நேர்மாறு: ஒரு பல்பு போனால் வேகமாகத் துடித்து எச்சரிக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘வேகமாக அடித்தால்தான் பல்பு போயிருக்கிறது’ என்று நம்புபவர்கள், எதிரே அசையாமல் எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டே பிளாஷரை மாற்றுகிறார்கள்.

பிளாஷர் குற்றவாளியா என்று அறிய அரை நிமிடம் போதும். அதன் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொட வைத்து, சுவிட்சை ஒரு பக்கம் தள்ள வேண்டும். விளக்குகள் பளிச்சென்று நின்று எரிந்தால் மற்ற வழியெல்லாம் சரி, பிளாஷர்தான் போய்விட்டது. எரியவில்லை என்றாலோ மங்கலாக எரிந்தாலோ பிளாஷரை மரியாதையாக ஓரம் வைத்துவிட்டு மேலே தேடலாம்.

மங்கல் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய புல்லட்டுகள் 6 வோல்ட் வண்டிகள், பின்னால் வந்தவை 12 வோல்ட். ஒரே துரு இரண்டிலும் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டு 10 வாட் பல்புகள். திரும்பும் வழியில் அரை ஓம் தடை என்று வைத்துக்கொள்ளலாம். சற்றே துருவேறிய ஒரு மூட்டு இந்தத் தடையை எளிதாகத் தரும். 12 வோல்ட் வண்டியில் அந்த மூட்டில் கிட்டத்தட்ட 0.8 வோல்ட் விரயமாகும். பல்புக்கு 11 வோல்ட்டுக்குச் சற்று மேலே கிடைக்கும். வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. 6 வோல்ட் வண்டியில் அதே மூட்டு 1.3 வோல்ட்டை விழுங்கும். பல்புக்குக் கிடைப்பது 4.7. இழை பல்பில் வோல்ட் குறையும் வேகத்தைவிட வெளிச்சம் குறையும் வேகம் பல மடங்கு அதிகம் என்பதால் பாதிக்கும் மேல் போய்விடும். மதிய வெயிலில் அந்த விளக்கு எரிகிறதா என்று கைநிழல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ‘ஆறு வோல்ட் என்றாலே அப்படித்தான்’ என்று சலித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. 6 வோல்ட் மங்கலாகப் பிறந்ததல்ல. அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும் சக்தி அதற்குக் குறைவு, அவ்வளவுதான்.

இனி அறிகுறிகள். இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால் பழுது பொதுவழியில், அதாவது பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் நடுவில் இருக்கிறது. ஹாரன் அடித்துப் பார்த்தால் தேடும் இடம் இன்னும் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் சுவிட்சுக்கு அப்பால். ஒரே ஒரு விளக்கு என்றால் அந்த விளக்கின் ஹோல்டரைத் தாண்டி அதிக தூரம் போக வேண்டியதில்லை. இவை எளிதில் பிடிபடுபவை.

உள்விஷயத்தைக் காட்டிக்கொடுப்பவை விசித்திரமான அறிகுறிகள்தான். ஹெட்லைட் சுவிட்ச் அணைந்திருக்கிறது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் வலப்பக்க விளக்குகளும் மங்கலாகச் சேர்ந்து துடிக்கின்றன. ஹெட்லைட்டின் இருபுறமும் உள்ள டைகர் லேம்புகள் அதே தாளத்தில் மினுக்குகின்றன. பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டர் அணைந்தே போகிறது. ஒயர்கள் எங்கோ ஒட்டிக்கொண்டுவிட்டன, ஷார்ட் என்று பயந்து ஒயரிங் செட்டைப் பிரிப்பவர்கள் உண்டு. ஷார்ட் எதுவும் இல்லை. பின் மட்கார்டின் எர்த் விட்டுப்போயிருக்கிறது. இடது பின்விளக்கில் நுழைந்த மின்சாரம் மட்கார்டுவரை வந்து அதற்கு மேல் போக முடியாமல் நிற்கிறது. முன்வாசல் பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக் கொல்லை வழியாகப் போவதைப் போல, அதே மட்கார்டில் பொருத்தியிருக்கும் வலது விளக்கின் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, வலப்பக்க ஒயரில் முன்னால் ஓடி, வலது முன்விளக்கின் வழியே எர்த்தைப் பிடிக்கிறது. இன்னொரு பங்கு டெயில் லேம்ப் இழையைக் கடந்து டைகர் லேம்ப் வழியாக வெளியேறுகிறது. ஒரே வோல்ட்டை மூன்று இழைகள் பங்குபோட்டுக்கொள்வதால் எல்லாம் மங்கல். பிரேக்கை மிதித்தால் பிரேக் பல்பின் வழியே வரும் மின்சாரம் மட்கார்டையே ஏறக்குறைய பேட்டரியின் வோல்ட்டுக்கு ஏற்றிவிடுகிறது. இண்டிகேட்டர் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்றால் அதன் வழியே எதுவும் பாயாது. இத்தனை கூத்துக்கும் மருந்து, ஹோல்டரிலிருந்து பிரேமுக்கு ஒரு முழ ஒயர்.

இதில் வருத்தமான வேடிக்கை ஒன்று உண்டு. இருபது ஆண்டுகள் மூலையில் கிடந்து துருப்பிடித்த வண்டியில் எரிந்த இண்டிகேட்டர், புதுப்பித்து முடித்த அன்று எரியாமல் போகும். பிரேமுக்கும் மட்கார்டுக்கும் பவுடர் கோட்டிங் அடித்திருப்பார்கள். பெயிண்டைவிடக் கெட்டியான அந்தப் பூச்சு மின்சாரத்தை விடாது. போல்ட் துவாரத்துக்குள்ளும் அது இறங்கியிருக்கும். பளபளப்பாக வந்திருக்கிறதே என்று தேய்க்க மனம் வராமல் அப்படியே பூட்டியிருப்பார்கள். நட்டு உட்காரும் இடத்தில் ஒரு வாஷர் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து வெற்று உலோகத்தைக் காட்டியாக வேண்டும். அழகுக்காக அதைத் தவிர்க்க விரும்புகிறவர் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். இரண்டாவது வழியே மேலானது. உடம்பை நம்பாமல் ஒயரை நம்புவதில் வண்டிக்கு அவமானம் ஒன்றும் இல்லை.

முன்விளக்குகளின் எர்த் இன்னும் விநோதமானது. புல்லட்டில் ஹெட்லைட் டூம், மீட்டர் உட்காரும் இடம், ஃபோர்க்கின் தலைப்பகுதி எல்லாம் ஒரே வார்ப்பு. அங்கிருந்து பிரேமுக்கு மின்சாரம் போக வேண்டுமானால், தனி ஒயர் இல்லாத வண்டியில், ஸ்டீயரிங் பேரிங்கின் குண்டுகள் வழியாகத்தான் போக வேண்டும். கிரீஸில் மிதக்கும் எஃகுக் குண்டுகள்! ஹேண்டிலைத் திருப்பத் திருப்ப அவை தொடும் புள்ளிகள் மாறும். விளக்கின் துடிப்பும் மாறும். நேரே போகும்போது ஒழுங்காக அடித்து, திரும்பும்போது மட்டும் தடுமாறும் இண்டிகேட்டரின் ரகசியம் பல நேரங்களில் இதுதான். ஹேண்டிலைத் திருப்பினால் கோளாறு மாறுகிறது என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு: ஸ்டீயரிங் கழுத்தில் ஆயிரக்கணக்கான முறை மடங்கிய ஒயர், வெளித்தோல் முழுசாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். சந்தேகப்படும் ஒயரை இரண்டு விரல்களால் மெல்ல இழுத்துப் பார்த்தால் அறுந்த இடத்தில் தோல் மட்டும் ரப்பர்போல நீளும்.

சோதிக்கும் கருவியும் ஏமாற்றும். மல்டிமீட்டர் தன் வழியே ஏறக்குறைய மின்சாரமே பாயவிடாமல் வோல்ட்டைப் படிக்கிறது. களிம்பேறிய மூட்டு பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தாலும் ‘12’ என்று காட்டும். அந்த அரைகுறைத் தொடர்பில் பல்பு எரிக்கும் மின்சாரம் ஒழுங்காகப் போகாது. ஆகவே ஒரு பழைய பல்பு, இரண்டு ஒயர், முனையில் ஓர் ஊசி என்று மெக்கானிக்குகள் செய்து வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப் இந்த வேலைக்கு மீட்டரைவிட யோக்கியமானது; அது சுமை ஏற்றிக் கேட்கிறது, பதிலும் நேராக வருகிறது. மீட்டரையே பயன்படுத்துவதானால் இண்டிகேட்டரை எரியவிட்டு அளக்க வேண்டும். பிளாஷர் முனைகளை இணைத்து விளக்கை நிலையாக எரிய வைத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை பல்பின் பித்தளை உறையிலும் வைக்கலாம். நல்ல எர்த்தில் 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். ஒன்று, ஒன்றரை என்று காட்டினால் அத்தனை வோல்ட்டும் திரும்பும் வழியில் தொலைகிறது. உறையில் வைத்த முனையை ஹோல்டர், தண்டு, மட்கார்டு, பிரேம் என்று பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த மூட்டைத் தாண்டும்போது எண் சட்டென்று விழுகிறதோ அதுவே கோளாறு. மீட்டரில் ஓம் வைத்து பல்பைச் சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 12 வோல்ட் 10 வாட் பல்பு எரியும்போது 14 ஓம் சொச்சம் இருக்கும், குளிர்ந்து கிடக்கும்போது ஒன்று, ஒன்றரை ஓம்தான். அதைப் பார்த்து ஷார்ட் என்று முடிவுகட்டி நல்ல பல்பை எறிய வேண்டாம்.

ஒயர் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிரிட்டிஷ் வழக்கமான லூகாஸ் முறையில் பச்சை என்றால் சாவிக்கும் ஃபியூசுக்கும் அப்பால் உயிரோடிருக்கும் ஒயர். இடது இண்டிகேட்டருக்குப் பச்சையில் சிவப்புக் கோடு, வலதுக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு. ஹோண்டாவில் பச்சை என்றால் எர்த். வீட்டு ஒயரிங்கிலும் பச்சை எர்த்தான். வீட்டு வேலை பழகிய கை பிரிட்டிஷ் வண்டியின் பச்சையைக் கொண்டுபோய் பிரேமில் முடுக்கினால் ஃபியூஸ் இருந்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் ஒயரிங் செட் புகையும். போதாததற்குப் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த். அவற்றில் சிவப்பு ஒயர் எர்த்துக்குப் போகும். இழை பல்புக்கும் பழைய பிளாஷருக்கும் இதனால் வித்தியாசம் இல்லை. எலக்ட்ரானிக் பிளாஷரும் எல்இடியும் தலைகீழாகப் போட்டால் வேலை செய்யாது, சில போயே போய்விடும். லூகாஸை ‘இருளின் இளவரசன்’ என்று கேலி செய்வது ஆங்கிலேய மோட்டார்சைக்கிள்காரர்களின் பழைய பொழுதுபோக்கு. கேலிக்கு ஆளான வண்டிகளில் பலவற்றை இருட்டாக்கியது துருப்பிடித்த எர்த்தும் தளர்ந்த கனெக்டரும்தான்.

கனெக்டர்களின் கூடாரம் ஹெட்லைட் டூமுக்குள். தோட்டா வடிவத்தில் இருப்பதால் அவற்றுக்கும் புல்லட் என்றே பெயர். வண்டியின் பெயரோடு அதற்கு உறவில்லை. ரப்பர் உறைக்குள் பித்தளைக் குழாய், அதற்குள் இரு பக்கமிருந்தும் குண்டு முனைகள். சென்னை போன்ற கடலோர ஊரில் உப்புக்காற்று அதற்குள் போய்ப் பச்சையாய்க் களிம்பு பூக்கும். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சியடிக்கும் தண்ணீர் பல்பு ஹோல்டரையும் நனைத்துவிட்டு வரும். பாத்திரக் களிம்புக்குப் புளி சரி. இங்கே ஆகாது, இடுக்கில் மிஞ்சும் புளிப்பு மறுபடி அரிக்கும். உப்புத்தாளால் தேய்த்து, தளர்ந்த குழாயைக் குறட்டால் லேசாக நெருக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் சில மழைக்காலம் தாங்கும். இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு எங்கே இருந்தாலும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். என்ஜின் சூட்டிலும் வெயிலிலும் அதன் பிசின் இளகி, உள்ளே முறுக்கிவிட்ட ஒயர் வெறுமையாய் நிற்கும்.

எல்இடி போட்டால் தொல்லை தீரும் என்று சொல்லப்படுகிறது. பாதி உண்மை. எல்இடி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. தளர்ந்த மூட்டுகளை அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் பழைய பிளாஷரின் பட்டை சூடேறாது, விளக்கு நின்று எரியும். பல்புக்குப் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர் கட்டி அந்தக் குறையைத் தீர்ப்பார்கள். மிச்சம் பிடித்த மின்சாரத்தைச் சூடாக்கி வீணடித்துப் பழைய டப்பாவைத் திருப்திப்படுத்தும் வேலை அது. எர்த் ஒயர் உள்ள எலக்ட்ரானிக் பிளாஷர் வாங்கிப் போடுவதே முறை. மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே பைலட் பல்பு உள்ள வண்டிகளில் வேறொரு சிக்கல். அந்தச் சின்ன பல்புக்குச் சொந்த எர்த் கிடையாது. இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவே உட்கார்ந்து, எரியாத பக்கத்தின் பல்பு இழைகளையே எர்த்தாக வைத்துக்கொண்டிருக்கிறது. இழை பல்புக்கு அந்தச் சொற்ப மின்சாரம் உறைக்காது. எல்இடிக்கு அதுவே போதும், நான்கு விளக்கும் ஒன்றாக அடிக்கும். பைலட் பல்புக்கு எர்த் கொடுத்து, இரு பக்க ஒயரிலிருந்தும் அதற்கு ஒவ்வொரு டயோடு வழியாக இணைப்பு தந்தால் சரியாகிவிடும்.

வேலை முடிந்ததா என்று பார்க்க வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டைப் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு இண்டிகேட்டரைத் தள்ள வேண்டும். ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப வேண்டும். துடிப்பின் வேகம் மாறக் கூடாது. நிமிடத்துக்கு 60க்கும் 120க்கும் இடையில் துடிப்பது விதி; கடிகாரத்தை வைத்து எண்ணிவிடலாம். டூமில் இருக்கும் அம்மீட்டரின் முள்ளும் விளக்கோடு சேர்ந்து தாளம் தவறாமல் ஆடும். ஸ்லோவில் மட்டும் துடிப்பு சோர்ந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் தெளிந்தால் பார்க்க வேண்டியது பேட்டரியையும் சார்ஜிங்கையும். இண்டிகேட்டர் ஒயரில் இனி தேட ஒன்றும் இல்லை. கடைசியாக ஒன்று: புல்லட்டின் இண்டிகேட்டர் தானாக அணைவதில்லை. திரும்பி முடித்ததும் கட்டைவிரலால் அணைக்க வேண்டும்.